மீடியா ஸ்கேன் பாதியில் நிற்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

பன்னிரண்டாயிரம் பாட்டும் வீடியோவும் உள்ள ஃபோல்டரை லைப்ரரியில் சேர்க்கிறீர்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் ஸ்கேன் நின்றுவிடுகிறது. மூடித் திறந்தால் முழுதாக ஓடிவிடுகிறது. நாலு நாள் கழித்து வேறோர் இடத்தில் நிற்கிறது. எப்போதும் நின்றால் பிடித்துவிடலாம். இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும்.

விண்டோஸ் 10, 11 கணினியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோடி, ஜெல்லிஃபின், மியூசிக்பீ, டிஜிகேம் என்று பாட்டு, வீடியோ, படங்களை அடுக்கிவைக்கும் எந்த மென்பொருளானாலும் ஸ்கேன் செய்யும் வேலை ஒன்றுதான்: ஃபோல்டரைப் பட்டியலிடும், ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும், உள்ளே இருக்கும் விவரத்தைப் படிக்கும், டேட்டாபேஸில் எழுதும். இந்த நாலில் எதில் மாட்டிக்கொண்டது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் செய்வது மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. நானும் ஒரு சனி ஞாயிறை அப்படித் தொலைத்தவன்தான். மூன்று முறை நிறுவிய பிறகு தெரிந்தது, கோளாறு ஹார்ட் டிஸ்க் கேபிளில்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதலில் லைப்ரரி டேட்டாபேஸுக்கு ஒரு பேக்கப். சோதனைக்காக ஃபோல்டர்களை நகர்த்தப் போகிறோம். "ஃபைல் காணோம்" என்று மென்பொருள் அந்தப் பதிவை நீக்கிவிட்டால், நீங்கள் போட்ட ரேட்டிங், எதுவரை பார்த்தீர்கள் என்ற கணக்கு எல்லாம் சேர்ந்து போய்விடும். மென்பொருளை மூடிவிட்டு அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். ஓடும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கக்கூடும்.

தானாக ஸ்கேன் செய்வது, காணாமல் போனதைத் தானாக நீக்குவது, இரண்டு அமைப்புகளையும் அணைத்து வையுங்கள். மென்பொருள் தான் செய்வதை எழுதிவைக்கும் குறிப்பு ஃபைலான லாக்கில் விரிவான பதிவை இயக்குங்கள்.

காலி இடமுள்ள இன்னொரு டிஸ்க் கையில் இருக்க வேண்டும். ஏன் என்பது நாலாவது படியில் வரும். கூடவே டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி.

பிறகு ஒரு நோட்டும் பேனாவும். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு நின்றது, எதை மாற்றினீர்கள் என்று குறியுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். கேபிளையும் ஆன்டிவைரஸையும் ஒரே நாளில் மாற்றினால், சரியான பிறகு எது சரிசெய்தது என்று தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2. நின்றதா, ஊர்கிறதா?

"நாட் ரெஸ்பாண்டிங்" என்று தலைப்பில் வந்ததும் மூடாதீர்கள். ஜன்னல் சில விநாடி பதில் சொல்லவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பின்னால் வேலை நடந்துகொண்டே இருக்கலாம்.

கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் தானாக நகர்ந்தால் அது காத்திருப்பு. ஏதோ ஒன்று காலக்கெடு முடிந்து கைவிட்டிருக்கிறது. எத்தனை விநாடி நின்றது என்பது பெரிய துப்பு. ஐந்து, பத்து விநாடி நின்று சரியானால் தூங்கிய ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கும். ஒரு நிமிடத்துக்கு நெருக்கமாக நின்று நகர்ந்தால் டிஸ்க் படிக்க முடியாமல் திணறியிருக்க வாய்ப்பு அதிகம். அரை மணி ஆகியும் அசையவில்லையென்றால் அது மென்பொருளே தன்னைப் பூட்டிக்கொண்டது, அல்லது ஒரே ஃபைலில் சுற்றிச் சுற்றி வருகிறது.

3. நிற்கும்போதே பிடிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். நின்ற மென்பொருளை மூடினால் தடயம் மொத்தமும் அழிந்துவிடும். திரும்ப நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது அடுத்த வாரமாகக்கூட இருக்கலாம்.

ஸ்கேன் தொடங்கும் முன்பே, எந்த நிரல் எதைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வைத்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலிருந்தே அதற்குப் போகலாம். நின்றதும் பார்க்க வேண்டியவை நாலு: சிபியு, டிஸ்க் ஆக்டிவ் டைம் (டிஸ்க் வேலையில் இருக்கும் நேரத்தின் சதவீதம்), விநாடிக்கு எத்தனை எம்பி படிக்கிறது, நெட்வொர்க்.

டிஸ்க் ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, படிக்கும் அளவு மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், குற்றவாளி டிஸ்க் அல்லது அதற்குப் போகும் பாதை. டிஸ்க் பக்கத்தில் ரெஸ்பான்ஸ் டைம் என்ற பத்தியையும் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஹார்ட் டிஸ்க் பெரிய வேலைப்பளு இல்லாதபோது சில மில்லிவிநாடி முதல் இருபது முப்பது வரை காட்டும். ஆயிரக்கணக்கில் ஏறினால் நேரே நாலாம் படி.

ஒரு சிபியு கோர் மட்டும் முழுதாக ஓடி, டிஸ்க் அமைதியாக இருந்தால், ஃபைலைப் படித்து முடித்தாகிவிட்டது, அதன் உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் சுழல்கிறது. எட்டு கோர் கணினியில் ஒரு கோர் முழுதாக ஓடினால் மொத்தக் கணக்கில் 12 அல்லது 13 சதவீதம்தான் தெரியும். "சிபியு சும்மாதானே இருக்கிறது" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். இப்படியிருந்தால் ஆறாம் படி.

எல்லாமே பூஜ்யமாக இருந்தால் அது யாருக்கோ காத்திருக்கிறது: நெட்வொர்க், பூட்டிய டேட்டாபேஸ், அல்லது தனக்குள்ளேயே இரண்டு வேலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஏழும் எட்டும் பாருங்கள். நீங்கள் எதையும் இறக்காமலே நெட்வொர்க் மட்டும் ஏறினால் ஏழு.

அடுத்து, எந்த ஃபைல்? ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பக்கத்தில் அந்த மென்பொருளுக்கு டிக் போடுங்கள். கீழே அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பகுதியில் அது திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் வரும். டிஸ்க் அசைவே இல்லாதபோதும் இந்தப் பட்டியல் இருக்கும் என்பதால் டிஸ்க் பக்கத்தைவிட இது நம்பகமானது. மென்பொருளின் பெயரை வலது கிளிக் செய்தால் அனலைஸ் வெயிட் செயின் என்று வரும். வேறொரு நிரலுக்காகக் காத்திருந்தால் அதன் பெயரைச் சொல்லிவிடும்.

ஜெல்லிஃபின் போன்றவை ஃபைலைத் தாமே படிப்பதில்லை. எஃப்எஃப்ப்ரோப் என்ற சிறு நிரலை ஒவ்வொரு ஃபைலுக்கும் கூப்பிடுகின்றன. டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் கமாண்ட் லைன் என்ற பத்தியைச் சேர்த்தால், அந்த நிரல் எந்த ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று முழுப் பாதையுடன் தெரியும்.

லாக் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடைசி வரியில் இருக்கும் ஃபைலைக் குற்றவாளி என்று அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பல மென்பொருள்கள் ஒரு ஃபைலை முடித்த பிறகுதான் லாக்கில் எழுதும். அப்படியென்றால் கடைசி வரியில் இருப்பது தப்பித்த ஃபைல், மாட்டியது அதற்கு அடுத்தது. போதாததற்கு ஒரே நேரத்தில் நாலு ஃபைலைப் படிக்கும் மென்பொருளில் வரிசையே கலங்கியிருக்கும். லாக்கையும் ஹேண்டில் பட்டியலையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

இதெல்லாம் குறித்த பிறகு, டாஸ்க் மேனேஜரில் வலது கிளிக் செய்து மென்பொருளின் அப்போதைய மெமரி நிலையைப் பதிந்துவைக்கும் டம்ப் ஃபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மூடலாம்.

4. டிஸ்க்கின் உடல்நிலை

3-இல் டிஸ்க் பக்கம் சந்தேகம் வந்தாலும் வராவிட்டாலும் இதைத் தாண்டாதீர்கள். மற்ற சோதனைகள் எல்லாமே டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பவை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதைச் செய்தால் படங்களும் போய்விடும்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, சி5, சி6, சி7 என்ற நாலு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு துண்டுகள்). சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. சி6 சரிசெய்ய முடியாதவை. சி7 என்பது டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையில் தரவு சிதைந்த தடவைகள். இடைவிட்டு நிற்கும் ஸ்கேனுக்கு சி5 பொருத்தமான குற்றவாளி: ஒரு தடவை திணறிப் படித்துவிடும், மறு தடவை முடியாது. சி7 மட்டும் ஏறியிருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

அந்தக் கருவி மூல எண்களைப் பதினாறு அடிமான முறையில் காட்டும். 10 என்று இருந்தால் அது பதினாறு. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மேலே நீல நிறத்தில் "குட்" என்று இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இன்று குறித்த எண் அடுத்த வாரம் ஏறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். சி7 பழைய கணக்கு, கேபிளை மாற்றினாலும் குறையாது. ஏறாமல் நின்றால் போதும்.

பிறகு, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியில், நோட்டில் குறித்த நேரத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். எண் 7 என்றால் கெட்ட பிளாக். 153 என்றால் ஒரு வேலையைத் திரும்ப முயன்றிருக்கிறது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. நேரம் பொருந்த வேண்டும். போன மாதத்து 153-ஐ இன்றைய கோளாறோடு முடிச்சுப் போடக் கூடாது.

ஏன் ஒரு நிமிடம் வரை நிற்கிறது? சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டரை எளிதில் விடாது, திரும்பத் திரும்ப முயலும். நாஸ் பெட்டிக்கென்று (நெட்வொர்க்கில் இணைத்த டிஸ்க் பெட்டி) விற்கும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 விநாடியில் "முடியவில்லை" என்று சொல்லிவிடும். அந்த முயற்சி முடியும்வரை ஸ்கேன் மென்பொருள் வாசலில் காத்திருக்கும். அதன் மேல் தப்பில்லை.

சி5 ஏறிக்கொண்டிருந்தால் முதல் வேலை நகலெடுப்பது. வீட்டில் எடுத்த வீடியோக்கள், கல்யாண ஆல்பம் முதலில், திரும்ப இறக்கக்கூடிய சினிமா கடைசியில். டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை (chkdsk) /r சேர்த்து ஓட்டு என்று யாராவது சொல்வார்கள். அது டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராகப் படிக்கும். நகலெடுக்கும் முன் அதை ஓட்டாதீர்கள். மீட்டிருக்கக்கூடியதும் போய்விடும்.

5. கேபிள், போர்ட், தூக்கம்

வெளி டிஸ்க் என்றால் கேபிளை மாற்றி, கணினியின் பின்பக்கத்து போர்ட்டில் நேராகச் சொருகுங்கள். கையடக்க டிஸ்க்குகள் மின்சாரத்தையும் அந்தக் கேபிளிலிருந்தே எடுக்கின்றன. யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 போர்ட் 900. மின்சார இணைப்பில்லாத ஹப்பில் டிஸ்க்கையும் பென் டிரைவையும் சேர்த்துச் சொருகினால் அந்த அளவைப் பங்குபோட வேண்டிவரும். டிஸ்க்கின் படிக்கும் தலை வேகமாக ஓடும் நேரத்தில்தான் பற்றாக்குறை தெரியும். ஸ்கேன் அப்படிப்பட்ட நேரம். ஒரு படம் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது.

பவர் ஆப்ஷன்ஸில் இரண்டை அணையுங்கள்: ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தும் நேரம், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட். ஸ்கேன் நடுவில் இணையத்திலிருந்து போஸ்டர்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்குக்கு வேலையில்லாமல் போய் தூங்கிவிடும். சில வெளிப்பெட்டிகள் விண்டோஸைக் கேட்காமல் தாமாகவே தூங்கும். அதற்கு இந்த அமைப்பு உதவாது.

6. ஒரே ஃபைல்தானா?

3-இல் ஒரு பெயர் கிடைத்திருந்தால், அதை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து அதை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். நகலெடுப்பதே நின்றால் ஃபைலில் பிழையில்லை, டிஸ்க்தான். நகல் சரியாக வந்து, எஸ்எஸ்டியிலும் ஸ்கேன் நின்றால் ஃபைல்தான். எஸ்எஸ்டியில் ஒழுங்காக ஓடினால் மறுபடி 4-க்கும் 5-க்கும்.

பெயர் கிடைக்காதபோது பாதி பாதியாகப் பிரியுங்கள். பாதி ஃபோல்டர்களை அதே டிரைவில் லைப்ரரிக்கு வெளியே நகர்த்தி ஸ்கேன் செய்யுங்கள். நின்றால் உள்ளே இருக்கும் பாதி, நிற்காவிட்டால் வெளியே உள்ள பாதி. ஆயிரம் ஃபோல்டர் இருந்தாலும் பத்துச் சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடும். அதே டிரைவுக்குள் நகர்த்தினால் பாதையின் பெயர் மட்டும்தான் மாறும், உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை, அதனால் நொடியில் முடியும். ஒவ்வொரு தடவையும் நிற்கும் கோளாறுக்குத்தான் இந்த முறை சரிவரும். பத்துக்கு ஒரு முறை நிற்பதற்கு இதைச் செய்தால் தவறான பாதியைப் பிடித்துக்கொண்டு அலைவீர்கள்.

எப்படிப்பட்ட ஃபைல்கள் மாட்டுகின்றன? பாதியில் அறுந்த எம்பி4 முதலிடம். எவ்வளவு நீளம், எந்த ஃபிரேம் எங்கே என்ற அட்டவணை எம்பி4-இல் மூவ் என்ற பகுதியில் இருக்கிறது. கேமராக்கள் பதிவு முடிந்த பிறகுதான் அதைக் கடைசியில் எழுதும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் அட்டவணையே இல்லாத ஃபைல் மிஞ்சும். நல்ல மென்பொருள் பிழை சொல்லிவிட்டு நகரும், சில மட்டும் முழு ஃபைலையும் துழாவும். 20 ஜிபி ஃபைலென்றால் எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்பி3-இல் இரண்டு தொல்லை. பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) மாறிக்கொண்டே போகும் ஃபைலில், நீளத்தைக் கணக்கிட உதவும் எக்ஸிங் ஹெடர் என்ற முன்குறிப்பு இல்லையென்றால், பாட்டின் சரியான நீளம் தெரிய ஃபைல் முழுவதையும் படித்தாக வேண்டும். இன்னொன்று, பாட்டைவிடப் பெரிய அட்டைப்படம். பல எம்பி அளவுள்ள படத்தைப் பத்துப் பாட்டிலும் ஒட்டி வைத்திருப்பார்கள்.

ஃபைல் கெட்டதா என்று சந்தேகமிருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலைக் கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக டிகோட் செய்து (விரித்துப் படித்து) பாருங்கள். பிளேயரில் தொடக்கம் ஓடியது என்பது சான்றாகாது. பிளேயர் தொடக்கத்தைத்தானே படித்தது?

ஃபோல்டரிலும் சிக்கல் இருக்கலாம். ஒரு ஃபோல்டருக்குள் அதன் தாய் ஃபோல்டருக்கே இணைப்பு இருந்தால், அதைப் பின்தொடரும் மென்பொருள் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். லாக்கில் ஒரே பெயர் பாதையில் நாலைந்து தடவை வந்தால் இதுதான்.

7. நடுவில் கைவைப்பவர்கள்

ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் மென்பொருளுக்கு முன்னால் தான் பார்க்கும். மீடியா ஃபோல்டரில் ஜிப், ரார் கிடந்தால் பிரித்துப் பார்க்கும். ஸ்கேன் நின்ற நேரத்தில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ்) ஏறியிருந்ததா என்று பாருங்கள். ஏறியிருந்தால் மீடியா ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துச் சோதியுங்கள். ஆன்டிவைரஸை மொத்தமாக அணைத்துவிட்டு மறந்துவிடுபவர்கள் உண்டு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை விலக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஒன்டிரைவ் இன்னொரு ஆள். ஃபைல் ஃபோல்டரில் இருப்பது போலத் தெரியும், மேகக் குறி போட்டிருந்தால் உள்ளடக்கம் இணையத்தில்தான். ஸ்கேன் தொட்டதும் முழு வீடியோவையும் இறக்கத் தொடங்கும். நெட் வேகமாக இருக்கும் காலையில் ஓடுகிறது, இரவில் நிற்கிறது என்று வரும் புகார்களில் முதலில் இதைத்தான் கேட்பேன். எப்போதும் கணினியில் வைத்திரு என்று அந்த ஃபோல்டருக்குச் சொல்லுங்கள், அல்லது லைப்ரரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

8. டேட்டாபேஸும் நெட்வொர்க்கும்

லாக்கில் "டேட்டாபேஸ் இஸ் லாக்ட்" என்று வந்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதப் பார்க்கிறார்கள். தானியங்கி ஸ்கேனும் நீங்கள் தொடங்கியதும் மோதுவது வழக்கம். இவற்றில் பல பயன்படுத்தும் எஸ்கியூலைட், ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுதவிடும். டேட்டாபேஸ் ஃபைலை நெட்வொர்க் டிரைவிலோ ஒன்டிரைவ் ஃபோல்டரிலோ வைக்காதீர்கள். பூட்டுவது அங்கே ஒழுங்காக நடக்கும் என்று நம்ப முடியாது.

படங்கள் நாஸ் பெட்டியில் இருந்தால், ஸ்கேன் நின்ற நேரத்திலேயே அதே ஃபோல்டரிலிருந்து ஒரு பெரிய ஃபைலை எக்ஸ்ப்ளோரரில் நகலெடுத்துப் பாருங்கள். அதுவும் நின்றால் மென்பொருளை விடுங்கள். வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாறி மறுபடி பாருங்கள்.

9. தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்

இது பெரும்பாலும் நிறுத்தாது. ஒவ்வொரு ஸ்கேனிலும் அதே ஃபைல்களைப் புதிதென்று நினைத்துப் படிக்க வைக்கும், அதனால் ஸ்கேன் முடியாதது போலத் தோன்றும்.

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. பழைய மேக் டிஸ்க்குகள் பிரித்து எழுதும். அங்கிருந்து வந்த ஃபைலும் விண்டோஸில் பெயரிட்டதும் ஒரே ஃபோல்டரில் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கும். பெயரை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்தால் சரியாகும்.

நீளமும் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டிகளில் ஒரு பெயருக்கு வழக்கமாக 255 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் (மெய்யெழுத்து, உயிர்க்குறி, புள்ளி என யூனிகோடில் தனியாக எண்ணப்படும் ஒவ்வொன்றுக்கும்) மூன்று பைட், அதனால் 85 குறிக்கு மேல் போகாது. "கொ" என்பதே குறைந்தது இரண்டு குறி. பாட்டின் முதலடி, படம், பாடியவர், இசையமைப்பாளர் எல்லாவற்றையும் பெயரில் அடைத்தால் விண்டோஸ் ஏற்கும், நாஸ் மறுக்கும்.

10. சரியானதா என்று உறுதிசெய்வது

ஒரு தடவை முழுதாக ஓடியதும் கொண்டாடிவிடாதீர்கள். மூன்றுக்கு ஒரு முறை நின்ற ஸ்கேன், எதையுமே சரிசெய்யாமல்கூட ஐந்து முறை தொடர்ந்து ஓட 13 சதவீத வாய்ப்பு உண்டு. எட்டு முறை ஓடினால் அது 4 சதவீதமாகக் குறையும். எனக்கு எட்டு போதும்.

ஒவ்வொரு முறைக்கும் முன் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் முன்பு படித்ததை விண்டோஸ் மெமரியிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், டிஸ்க் சோதனைக்கே வராது. ஷட்டவுன் செய்து திறப்பதைவிட ரீஸ்டார்ட் மேல். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுன் முழுமையாக நடப்பதில்லை.

சாதாரண ஸ்கேனில் மாறாத ஃபைல்களை மென்பொருள் தாண்டிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். "இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது, சரியாகிவிட்டது" என்று வரும் செய்திகளில் பல இந்த வகை. எல்லாவற்றையும் புதிதாகப் படி என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள், அல்லது காலியான புது லைப்ரரியில் ஓட்டுங்கள்.

எட்டு சுற்றுக்குள் மறுபடி நின்று, டிஸ்க், கேபிள், ஃபைல், ஆன்டிவைரஸ் எதிலும் குறை தெரியவில்லையென்றால், பிழை மென்பொருளில்தான். அதை எழுதியவர்களுக்கு அனுப்புங்கள்: மென்பொருளின் பதிப்பு எண், நின்ற நேரத்து டம்ப், அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள லாக், ஒரே ஃபைலில்தான் நிற்கிறதென்றால் அந்த ஃபைல். டம்ப்பில் உங்கள் ஃபைல் பெயர்களும் மெமரியில் இருந்த மற்றவையும் இருக்கும், எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள்.